நோவு தணிக்கும் மருந்தின் விலை

திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை இறங்குகின்றது, எண்ணெய் இறங்குகின்றது. ஆனால், புற்றுநோயால் வருந்திய எங்கள் அயல்வீட்டு மூதாட்டிக்கு வேண்டிய மோர்பின் குளிசைகளுக்காக அவர் மகன் மாதந்தோறும் மகரகமைக்குப் போய்வந்தார். ஒருவழித் தூரமே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசந்தான். எனினும் பஸ் கட்டணத்தையும், கடலுக்குப் போகாத இரண்டு நாள் உழைப்பையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் குளிசைகளை மலிவானவை என்று சொல்ல மனம் வராது.

மோர்பின் அரிய பொருளன்று. கசகசாச் செடியின் காயைக் கீற வடியும் பால் உறைந்தால் அபின். அதிலிருந்து மோர்பினை 1805 ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்தவர் சேர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானியர். இன்று அதன்மேல் எவருக்கும் தனியுரிமை கிடையாது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உழவர்கள் அரசின் அனுமதியுடன் இச்செடியைப் பயிரிடுகின்றனர்; தஸ்மேனியாவிலும் துருக்கியிலும் விளைகின்றது. அப்படியிருந்தும் விலை ஏறுவானேன்?

முதற் காரணம் காவல். 1961 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய அளவை ஆண்டுதோறும் முன்கூட்டியே மதிப்பிட்டு, வியன்னாவிலுள்ள சபைக்குத் தெரிவித்தல் வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் வாங்கும் நாட்டின் அனுமதியும் விற்கும் நாட்டின் அனுமதியும் தேவை. பிறகு பூட்டிய அலுமாரி, பதிவேடு, கணக்கு. ஒரு கிலோ வாங்கினாலும் நூறு கிலோ வாங்கினாலும் இந்தச் சடங்குகள் குறைவதில்லை. ஆகவே, சிறிதளவு வாங்கும் சிறிய நாட்டில் ஒவ்வொரு குளிசையின் தலையிலும் கூடிய செலவு விழுகின்றது. கொள்வனவு சிறிதாயிருப்பதால் விற்பதற்குப் போட்டியிடும் கம்பெனிகளும் சிலவே.

அச்சமும் கொள்வனவைச் சுருக்குகின்றது. 1985 இல் இந்தியா போதைப்பொருட் சட்டத்தைக் கடுமையாக்கியது. அவ்வாண்டில் சுமார் 716 கிலோவாக இருந்த மருத்துவ மோர்பின் பாவனை, 1997 இல் 18 கிலோவாக வீழ்ந்தது. அபின் விளையும் நாட்டிலேயே நோயாளிகள் மோர்பினின்றித் துடித்தார்கள்! கேரளத்து வைத்தியர் ராஜகோபாலும் அவரைச் சார்ந்தோரும் நெடுங்காலம் வாதாடிய பின்னரே, 2014 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அச்சம் காரணமற்றது என்று நான் கூறமாட்டேன். அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்ததனால் நேர்ந்த அழிவை உலகம் அறியும். ஆயினும், இறுதி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கிழவிக்கு அந்தக் கதை எவ்வளவு தூரம் பொருந்தும்?

மருந்தின் வடிவமும் விலையை மாற்றும். தூளை நீரிற் கரைத்துச் செய்யும் மோர்பின் பாணி மிக மலிவு. மெல்ல மெல்லக் கரையும் குளிசையும், தோலில் ஒட்டும் பென்ரனில் பட்டையும் விலை கூடியவை. இலாபம் பின்னவற்றிலேயே அதிகமாதலால், மலிவான பாணியைக் கொண்டுவர வியாபாரிகளுக்கு ஆர்வமில்லை.

நம் நாட்டில் 1971 இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே, வியாபாரப் பெயரை விலக்கி, மருந்தின் பொதுப்பெயரால் உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் வழியை வகுத்தார். அதனால் விலைகள் வெகுவாக இறங்கின. ஆனால் ரூபாய் வீழ்ந்தால் அவ்வழியும் தளரும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. இலவச மருந்தின் விலை ஏறும்போது அது விலையாகத் தெரிவதில்லை. “மருந்து முடிந்துவிட்டது” என்ற பதிலாகவே நோயாளியை வந்தடைகின்றது.

மூதாட்டி சென்ற ஆண்டு காலமானார். அந்தியேட்டி முடிந்தபின், எஞ்சியிருந்த குளிசைகளை எண்ணிக் கடதாசியிற் பொதிந்து, வைத்தியசாலையிலே ஒப்படைப்பதற்காக மகன் மீண்டும் ஒருமுறை மகரகமைக்கு பஸ் ஏறினார்.