நடுக்கடலில் இதயம் நின்றால்

சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து பேர் பணிபுரிவார்கள். அவர்களுள் மருத்துவர் ஒருவரும் இருப்பதில்லை. 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோருடன், மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் அயல்நாட்டுப் பயணம் செல்லும் கப்பலில்தான் மருத்துவர் இருந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. மற்றவை கரையிலுள்ள மருத்துவரிடம் வானொலி வழியே ஆலோசனை பெறலாம். ஆனால் இதயம் நின்றுவிட்டால் அதற்கு நேரம் ஏது? இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளையின் உயிரணுக்கள் கெடத் தொடங்குகின்றன. எனவே பக்கத்தில் நிற்கும் மாலுமியின் இரு கைகளே மருத்துவமனை!

1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் மார்பை வெளியிலிருந்து அழுத்தும் முறையை விளக்கி எழுதினர். அவர்களுள் மூத்தவரான கூவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர் என்பது வியப்பான செய்தி. மார்பெலும்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். இவ்வாறு கிடைப்பது வழக்கமான இரத்த ஓட்டத்தில் கால் பங்கோ, மூன்றில் ஒரு பங்கோதான். எனினும் மூளையைக் காக்க அது உதவும். அழுத்துபவர் விரைவில் களைத்துவிடுவார். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஒருவர் மட்டும் கற்றிருந்தால் போதாது.

மாரடைப்பால் நின்ற இதயத்துக்குப் பெரும்பாலும் மின்னதிர்ச்சிக் கருவியும் தேவைப்படும். நீரில் மூழ்கியவரின் நிலை வேறு. அவருடைய இதயம் பழுதற்றது. ஆக்சிஜன் இல்லாமல்தான் நின்றது. முதலில் மூச்சு ஊதி, பிறகு அழுத்தினால் மீளக் கூடும்.

கப்பலின் மூடிய தொட்டிகளிலும் இதே ஆபத்து உண்டு. இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளிருக்கும் காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. இறங்கியவர் மணமோ எச்சரிக்கையோ இன்றிச் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க ஓடும் நண்பரும் அங்கேயே விழுவார். இப்படி இரண்டாவதாக, மூன்றாவதாக இறந்தவர் பலர். சுவாசக் கருவி அணிந்தவர் வெளியே கொண்டுவந்த பிறகே அழுத்துவதும் ஊதுவதும்.

மூடிய இடங்களில் மீட்கும் ஒத்திகையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது 2015 முதல் உலகக் கப்பல் விதி. முதலுதவியும் உயிர்மீட்பும் அதில் அடங்கும். பயிற்சி பெற்ற கையும் சில மாதங்களில் மறந்துவிடும் என்பதால் இந்த இடைவெளி நியாயமானதே. பதிவேட்டில் கையெழுத்திட்டு முடித்துவிடும் கப்பல்களும் இல்லாமலில்லை. பயிற்சிப் பொம்மை இல்லையென்றால், விறைப்பான தலையணை ஒன்றைத் தளத்தில் கிடத்தி, ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்கலாம்.