ஒடித்து வளரும் மூளை

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லை முருங்கையை வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துத் தறிப்போம். மரத்தை மொட்டையாக்கி, வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டுப் போவார். பார்க்க மனசு கேட்காது. ஆனால் அப்படி ஒடித்த மரம்தான் அடுத்த பருவத்தில் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். ‘முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்’ என்பார்கள். பின்பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளையின் தலைக்குள் ஒடிக்கும் வேலை தானாகவே நடக்கிறது; யாரும் கை ஓங்க வேண்டியதில்லை.

குழந்தையின் மூளை, நரம்பணுக்களுக்கிடையே தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுவைக்கிறது. ஒன்று, இரண்டு வயதில் மூளையின் முன்மடல் புறணியில் அவற்றின் அடர்த்தி பெரியவர்களுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று 1979-ல் நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர் எண்ணிக் காட்டினார்.

மிகுதியை ஒடிப்பது யார்? முக்கியமாக மைக்ரோகிளியா. நரம்பணுக்களுக்குத் துணையிருக்கும் செல்களில் ஒரு வகை. நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்தது. கருவின் மஞ்சள்கருப் பையில் பிறந்து மூளைக்குக் குடிவந்தது. கிருமிகள்மேல் உடல் அடையாளமாகப் பூசும் அதே புரதங்கள் வேண்டாத இணைப்புகளின்மேலும் படிகின்றன. மைக்ரோகிளியா மெல்லிய கைகளை நீட்டித் தடவி, அடையாளம் கண்டதை விழுங்குகிறது. 2012-ல் ஆய்வாளர்கள் டோரதி ஷேஃபர், பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் எலிக்குட்டிகளின் ஒரு கண்ணுக்கு மட்டும் மருந்து செலுத்தி அதன் நரம்புகளை அடக்கினார்கள். அந்தக் கண்ணிலிருந்து வந்த இணைப்புகளே அதிகம் விழுங்கப்பட்டன. பேச்சுமூச்சில்லாத இணைப்பு முதலில் போய்விடுகிறது.

மூளை உருவாகும் கதையின் முன்பகுதி நம் ஊரிலேயே படமாகியிருக்கிறது. அடையாறு பக்கம், ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மயிலாப்பூர் மெடிஸ்கான் உள்ளிட்ட மருத்துவ நிறுவனங்களுடன் சேர்ந்து 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற சிசு மூளை வரைபடத்தை வெளியிட்டது. கருவின் 14 முதல் 24 வாரம் வரையான மூளைகள், 5,132 சீவல்கள். ஒவ்வொரு செல்லும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இலவசமாக. அந்த வாரங்களுக்கு முன்பே மைக்ரோகிளியாக்கள் உள்ளே வரத் தொடங்கிவிடுகின்றன.

ஒடிப்பு பதின்வயதிலும் தொடர்கிறது. அங்கேதான் எனக்குக் கவலை. மனச்சிதைவு பெரும்பாலும் அந்த வயதை ஒட்டியே தலைகாட்டும். சுமார் 65,000 பேரின் மரபணுக்களை அலசிய 2016 ஆய்வு, அடையாளம் பூசும் வேலையில் பங்குள்ள ‘சி4’ மரபணுவின் சில வடிவங்கள் அந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதைக் கண்டது. ஒடிப்பு அளவு மீறுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அதனால் வலுத்தது.

தி.நகரில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர், மகனுக்கு இந்த நோய் வந்ததிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: “நான் வளர்த்ததுல ஏதாவது தப்பாங்க?”

இல்லைங்க அம்மா. உங்கள் வளர்ப்பால் வந்ததல்ல இது.