இமையில் ஓடும் பொன்மினுக்கு

கன்னிவாடியில் முகூர்த்த நாளன்று கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், பட்டுப்புடவைக்கு எடுப்பாக இமையில் லேசாகப் பொன் மினுங்கும் பெண்கள் கண்ணில் படுவார்கள். மணப்பெண் மட்டுமல்ல, நாத்தனார், காலேஜ் போகும் தங்கை, சில வீடுகளில் அம்மாவும்கூட. நேராகப் பார்த்தால் இமையின் சொந்த நிறம்தான் தெரியும். தலையைத் திருப்பும்போது ஒரு பளபளப்பு ஓடி மறையும். ஷிம்மர் ஐ ஷேடோவை மெல்லியதாகப் பூசினால் இப்படித்தான் இருக்கும்.

இந்த மினுக்கைத் தருவது பெரும்பாலும் மைக்கா. காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் அதே கனிமம்தான். ஏடு ஏடாக உரியும். அந்த ஏடுகளை நுணுக்கி, மேலே டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசுகிறார்கள். அந்தப் பூச்சின் கனம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. 40 முதல் 60 நானோமீட்டர் வரை இருந்தால் வெள்ளி, 60 முதல் 80 வரை இருந்தால் பொன், இன்னும் கூடினால் சிவப்பும் நீலமும் பச்சையும். இதில் சாயம் எதுவும் இல்லை. பூச்சின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் தூக்கலாகின்றன, சில மங்குகின்றன. மழைநீரில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதனால்தான். செம்பு, வெண்கல நிறங்களுக்கு இரும்பு ஆக்சைடும் சேர்ப்பார்கள்.

ஒரு சிட்டிகை பொன் ஷிம்மரை வெள்ளைத் தாளில் தடவிப் பாருங்கள், இருப்பதே தெரியாது. அதையே கறுப்புத் துணியில் தடவினால் தகதகவென்று எழும். துகளைத் தாண்டி உள்ளே போகும் ஒளியை வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பிவிடுகிறது, அந்த வெளிச்சத்தில் மினுக்கு அமுங்கிப்போகிறது. கறுப்புத் துணி அந்த ஒளியை விழுங்கிக்கொள்வதால் மினுக்கு மட்டும் கண்ணுக்கு வருகிறது. ஆகவே மெல்லிய ஷிம்மர் அழகாகத் தெரிவது மாநிற இமையிலும் கறுத்த இமையிலும்தான். “முதல்ல இமையை வெளுப்பாக்கிட்டு அப்புறம் போடலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வெள்ளை அடித்தால் பொன்னும் போய், முகத்தில் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். நம் நிறத்துக்கு அது தேவையே இல்லை.

அடுத்த சிக்கல் வெயில். சித்திரை, வைகாசியில் இமையில் எண்ணெய் வழிந்து, பூசியதெல்லாம் மடிப்பில் போய்க் கோடாக நிற்கும். இமையைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மோதிர விரல் நுனியில் கொஞ்சமாகத் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். காய்ந்த பிரஷ்ஷால் இழுத்தால் தூள் கன்னத்தில் கொட்டும், கண்ணுக்குள்ளும் போகும். மை தீட்டுவது கடைசியில்தான். முதலில் தீட்டினால் தூள் மையில் ஒட்டிக் கண்ணில் இறங்கும். கலைக்கும்போது பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தால் போதும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைப் போட்டுவிட்டு மேக்கப் போடவும், லென்ஸைக் கழற்றிவிட்டு மேக்கப்பைக் கலைக்கவும்.

ஸ்டேஷனரி கடையில் விற்கும் ஜிகினாத்தூளை மட்டும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அது பெரும்பாலும் வெட்டிய பிளாஸ்டிக், விளிம்பு கூராக இருக்கும். கண்ணில் விழுந்து தேய்த்துவிட்டால் கருவிழியைக் கீறிவிடும். பள்ளி ஆண்டு விழாவில் குழந்தைகளின் இமையில் அதைத் தூவுவதைப் பார்க்கும்போது பதறுகிறது. ஐ ஷேடோ வாங்கும்போது தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி மூன்றும் அட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். காஸ்மெட்டிக்ஸ் விதிகள் 2020-இன்படி, மேக்கப்புக்கு நிறமூட்ட ஈய, ஆர்செனிக் சேர்மங்களைப் பயன்படுத்தக் கூடாது. முகவரியே இல்லாத டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

அட்டையில் ‘மைக்கா’ அல்லது ‘சி.ஐ. 77019’ என்று இருக்கும். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து மைக்காவைப் பொறுக்கும் குழந்தைகள் மண் சரிந்து இறப்பது 2016-இல் வெளிச்சத்துக்கு வந்தது. குழந்தைகளை இப்படி வேலை வாங்குவதை ஒழிப்பதற்காக, மைக்காவைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 2017-இல் ‘ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கின. தொழிற்சாலையிலேயே உருவாக்கும் செயற்கை மைக்காவும் இருக்கிறது. அட்டையில் ‘சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட்’ என்று போட்டிருப்பார்கள். விலை கட்டுப்படியானால் அதை வாங்குங்கள்.

கடைசியாக, கல்யாண வீட்டில் ஒரே டப்பாவும் ஒரே பிரஷ்ஷும் பத்துப் பேர் கண்ணைச் சுற்றி வரும். ஒருவருக்கு ‘மெட்ராஸ் ஐ’ இருந்தால் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். உங்கள் முறை வரும்போது, “என்கிட்டயே இருக்கு அக்கா, நானே போட்டுக்கறேன்” என்று சொல்லிவிடுங்கள்.