நேப்பிள்ஸின் வண்ணமும் கிருஷ்ணநகரின் களிமண்ணும்

ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் பௌர்ணமியோடு நிறைவுறுவது வங்காளத்தின் ஜூலன் விழா. கண்ணனையும் ராதையையும் ஊஞ்சலில் அமர்த்தி ஆட்டும் இவ்விழாவில் கோயிலுக்கு நிகரான இடம் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் உண்டு. சாயமேற்றிய மரத்தூளால் சாலை, முகம் பார்க்கும் கண்ணாடியால் குளம், சேற்றில் தோய்த்த துணியால் மலை என அமைத்து, இடையிடையே மண்பொம்மைகளை நிறுத்திப் பிள்ளைகள் ஒரு சிற்றூரையே படைத்துவிடுவர். கொலுப்படிக்குக் கீழே பூங்காவும் தெப்பக்குளமும் வைத்துப் பழகிய நமக்கு இக்காட்சி அந்நியமானதன்று. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஜூலனையும் அறிந்தவை, கொலுவையும் அறிந்தவை.

தாழ்வாரங்கள் குறைந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியுள்ள இந்நாளில் ஐந்து நாள்களுக்கு வீட்டின் ஒரு மூலையை மரத்தூளுக்கு விட்டுக்கொடுக்கப் பலரால் இயல்வதில்லை. மேசைமேல் நிற்கக்கூடிய பொம்மை வீடு அந்த ஆசைக்கு ஏற்ற வடிகால். அதிலும் இத்தாலியப் பாணியில், கண்ணைப் பறிக்கும் வண்ணங்களோடு, கொல்கத்தாவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அதனை அமைக்கலாம் என்பதே இவ்விதழில் நாம் சொல்ல விரும்புவது.

பொம்மை வீடு சிறுவர்க்கானது என்ற எண்ணம் பிற்காலத்தது. 16ஆம் நூற்றாண்டில் பவேரியாவின் சிற்றரசர் ஐந்தாம் ஆல்பிரெக்ட் செய்வித்த பொம்மை வீடே நாம் அறிந்தவற்றுள் மிகப் பழையது. அது செல்வத்தைக் காட்டும் காட்சிப்பொருளாகவே இருந்தது. புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், அந்தப் பெரும்பணியின் நடுவே, 1921 முதல் 1924 வரை இங்கிலாந்தின் மேரி அரசியாருக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். மின்விளக்கு, குழாய்நீர், ஏறி இறங்கும் மின்தூக்கி அனைத்தும் கொண்ட அவ்வீடு இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. ஒரு தலைநகரத்துக்குக் கோடு போட்ட அதே கை ஓர் அங்குலக் கதவுக்கும் கோடு போட்டிருக்கிறது.

கொல்கத்தாவுக்கும் இத்தாலிக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். வடகொல்கத்தாவின் முக்தாராம் பாபு தெருவில் ராஜேந்திர மல்லிக் 1835இல் எழுப்பிய பளிங்கு மாளிகையின் தரையில் இத்தாலியச் சலவைக்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. முன் அனுமதி பெற்று அதனைப் பார்க்கலாம். வைஸ்ராய் மேயோ பிரபுவின் இனிப்புக் கலைஞராக 1869இல் இந்தியா வந்த பெதெரிகோ பெலிட்டி என்ற இத்தாலியர், பின்னர் இந்நகரில் நடத்திய உணவகம் ஆங்கிலேயர் காலத்தில் பெரும்புகழ் பெற்றது. இவற்றைவிட நெருங்கிய உறவு சன்னலில் இருக்கிறது. வங்காளிகள் ‘கொட்கொடி’ என்றழைக்கும், சாய்ந்த மரச்சட்டங்கள் அடுக்கிய பச்சைநிறச் சன்னற்கதவு, வெனிஸிலும் ஜெனோவாவிலும் தெருவெங்கும் காணும் சன்னற்கதவின் உடன்பிறப்பு. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் தேவை இரண்டு ஊருக்கும் பொது.

ஆயினும் நம்மை இப்பொருளின்பால் ஈர்த்தது வேறோர் ஒற்றுமை. நேப்பிள்ஸ் நகரில் கிறிஸ்துமஸ் காலத்தில் அமைக்கப்படும் பிறப்புக் காட்சியை ‘பிரெசேப்பே’ என்பர். குழந்தை இயேசு பிறந்த குடில் அதன் மையம் என்றாலும், காண்போர் கண்கள் குடிலைச் சுற்றியுள்ள சந்தையில்தான் நிலைத்து நிற்கும். மீன்காரர், ரொட்டி சுடுபவர், பழக்கூடை சுமக்கும் பெண், தூங்கும் இடையன் என ஒரு நகரமே அங்கு சுருங்கி நிற்கும். தலை சுடுமண், கை கால்கள் மரம், உடல் கம்பியும் நாரும், ஆடை உண்மையான துணி. 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸை ஆண்ட போர்பன் மரபின் சார்லஸ் மன்னர் இக்கலையைப் பேணி வளர்த்தார். அந்நகரின் சான் கிரிகோரியோ அர்மேனோ தெருவில் இன்றும் ஆண்டு முழுவதும் இவ்வுருவங்கள் விற்கின்றன.

அதே 18ஆம் நூற்றாண்டில், வங்காளத்தின் நதியா பகுதியை ஆண்ட கிருஷ்ணசந்திரரின் ஆதரவில் தழைத்ததாகச் சொல்லப்படுவது கிருஷ்ணநகர் மண்பொம்மைக் கலை. அந்நகரின் கூர்ணி என்னும் பகுதியில் பால் குலத்தவர் இதனைத் தொடர்ந்து செய்துவருகின்றனர். உழவர், மீனவர், பாவுல் பாடகர், தாலாட்டும் தாய் என அங்கும் ஒரு சந்தையே உருப்பெறுகிறது. 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் இவை இடம்பெற்றன. 19ஆம் நூற்றாண்டில் கொல்கத்தாவோடு வணிகம் செய்த அமெரிக்கக் கப்பல் தலைவர்கள், தம்முடன் கணக்கு வைத்திருந்த வங்காள இடைத்தரகர்களின் ஆளுயரக் களிமண் உருவங்களை ஊருக்குக் கொண்டுசென்றனர். அவை சேலம் என்ற அமெரிக்க நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னையில் துபாஷிகள் எனப்பட்டவர்களின் வங்காள இணையினர் இவர்கள். கடன் கொடுத்தவரின் முகத்தை மண்ணில் வடித்து எடுத்துச் சென்ற வாடிக்கையாளரை வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை!

உண்மையான துணியும் முடியும் ஒட்டுவது கலையன்று, வெறும் நகலெடுப்பு என அக்காலத்து விமர்சகர் சிலர் கிருஷ்ணநகரைக் குறைகூறினர். நேப்பிள்ஸ் செய்தால் அழகு, நதியா செய்தால் நகலா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரே காலத்தில், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதற்குப் பொம்மை வீட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். உலகெங்கும் பொம்மை வீட்டினர் கைக்கொள்ளும் அளவு பன்னிரண்டில் ஒன்று. அதாவது ஓர் அடி ஓர் அங்குலமாகும். ஐந்தரை அடி மனிதர் ஐந்தரை அங்குல உயரம் நிற்பார். பழைய கொல்கத்தா வீட்டின் 14 அடி உயர அறை 14 அங்குலமாகும். கூர்ணி பொம்மைகள் பல உயரங்களில் கிடைப்பதால், முதலில் பொம்மையை வாங்கி, அதன் உயரத்துக்கேற்ப வீட்டை அமைப்பதே அறிவுடைமை. வீட்டைக் கட்டிவிட்டுக் குடியிருப்பவரைத் தேடுவோர், தலை உத்தரத்தில் இடிக்கும் பொம்மைகளோடு வீடு திரும்ப நேரும்.

சுவருக்குத் தடித்த அட்டையோ மெல்லிய ஒட்டுப்பலகையோ போதும். சியால்தா அருகிலுள்ள பைட்டக்கானா சந்தையில் அட்டையும் தாளும் எல்லா வகையிலும் கிடைக்கும். இத்தாலியச் சுவரின் அழகு அதன் வழவழப்பில் இல்லை. சுண்ணாம்புப் பூச்சின் சீரற்ற நிறத்தில் இருக்கிறது. வெள்ளைப் பசையோடு சாக்கட்டித் தூளைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று முறை தேய்த்தால் அந்தத் தோற்றம் வரும். ஓவியர்கள் ‘சியன்னா’ எனக் கூறும் மஞ்சட்பழுப்பு நிறம் இத்தாலியின் சியேனா நகரின் பெயரால் வழங்குவது. அது இரும்புச் சத்துடைய மண், சுட்டால் செம்பழுப்பாகும். நம் வாசலில் கோலத்துக்குக் கரை கட்டும் காவியும் அதே இனத்ததே. ஆகவே வண்ணக்கடையில் விலையுயர்ந்த குப்பியைத் தேடுமுன் நாட்டுமருந்துக் கடைக் காவிக்கல்லை ஒருமுறை அரைத்துப் பாருங்கள்.

எத்தனை வண்ணம் பூசலாம்? வெனிஸ் அருகிலுள்ள புரானோ தீவில் வீட்டுக்கு வீடு நிறம் மாறும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு நிறமே. இதனை மறப்பவர்கள் ஒரே வீட்டில் ஏழு நிறத்தையும் இறைத்து, இத்தாலி எனப் பெயரிட்டு, பொருட்காட்சிக் கடையாக்கிவிடுகின்றனர். வெளிச்சுவர் ஒரு நிறம், சன்னற்கதவு பச்சை, சட்டங்கள் வெள்ளை என நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரவாரம் முழுவதும் ஓட்டிலும் படியிலும் இருக்கட்டும்.

சன்னற்கதவுதான் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு அங்குல மரச்சட்டம் நம் அளவில் 4 மில்லிமீட்டர். பழைய அழைப்பிதழ் அட்டையை அந்த அகலத்தில் நறுக்கி, தீக்குச்சிச் சட்டத்துக்குள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். ஒரு கதவுக்கு ஒரு மாலைப்பொழுது என வைத்துக்கொண்டால் எட்டுச் சன்னலுள்ள வீட்டுக்கு ஒரு பருவமழை முழுதும் போகும். அவ்வளவு பொறுமையில்லாதவர்க்கு இத்தாலியரே வழி காட்டியுள்ளனர்: லிகூரியா கடற்கரை ஊர்களில் இல்லாத சன்னலைச் சுவரில் தத்ரூபமாக வரைந்துவிடுவது நெடுநாள் வழக்கம். நான்கு சன்னலைச் செய்து நான்கை வரையுங்கள். உண்மையான பாணிக்கு எவ்விதக் குறையும் நேராது.

படிக்கட்டுக்கு முன்மாதிரி சிசிலியின் கல்தஜிரோனே ஊரில் உள்ளது. அங்குள்ள 142 படிகளின் முகப்பில் படிக்குப் படி வேறான கோலத்தோடு வண்ண ஓடுகள் பதித்துள்ளனர். நம் வீட்டுக்குப் பன்னிரண்டு படிகள் போதுமே! எட்டு அங்குல ஓடு நம் அளவில் 17 மில்லிமீட்டராகும். செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓட்டின் கோலத்தை வரைந்தும் ஒட்டலாம். நீலமும் மஞ்சளுமாகத் தீட்டினால் அமால்பி கடற்கரையின் சாயல் வந்துவிடும். தரைக்கு மட்டும் எங்கள் பரிந்துரை உள்ளூர்த் தரையே. பழைய கொல்கத்தா வீடுகளின் கருங்கரையிட்ட செங்காவித் தரைக்கு இணையான தரை எந்த நாட்டிலும் இல்லை என்பது எம் கருத்து. அட்டையில் செம்மண் நிறம் தீட்டி, மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்தால் அந்தப் பளபளப்பு கிடைக்கும்.

அறைகலன்களுக்கு ஓரளவு சிக்கனம் தகும், பொம்மைகளுக்கு ஆகாது. தீப்பெட்டி மேசையிழுப்பறையாகும், பொத்தான் தட்டாகும், நம்மூர்ச் செப்புச் சாமான் சமையலறையை நிரப்பும். சாந்தினி சௌக்கில் வாங்கும் சிறு மின்விளக்குச் சரம் மூன்று அறைகளுக்கும் ஒளி தரும். பொம்மைகளுக்கு மட்டும் கூர்ணிக்கே சென்றுவருவது நன்று. சியால்தாவிலிருந்து கிருஷ்ணநகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். வாங்குமுன் கண்ணுக்குப் பயிற்சி வேண்டுமெனில் ரவீந்திர சதன் அருகே, 1972இல் தொடங்கப்பெற்ற நேரு சிறுவர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். இராமாயணமும் மகாபாரதமும் அங்கு மண்ணுருவங்களாகக் காட்சி தருகின்றன; பல நாட்டுப் பொம்மைகளும் உள்ளன.

பேரம் பேசுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். விரல்நீள உருவத்துக்கு முகம் எழுதுவது ஆளுயர உருவத்துக்கு எழுதுவதைவிட எளிதன்று. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மையோடு விலையில் போட்டியிட இவர்களால் இயலாது. ஜூலன் வாடிக்கையும் குறைந்துவரும் நிலையில் அடுத்த தலைமுறை வேறு தொழிலை நாடுவதில் வியப்பில்லை. பொம்மை செய்வோர், குயவர், சிற்பி ஆகியோர் 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் அடங்குவர். பிணையமின்றி முதலில் 1 லட்சம் ரூபாய், அதனைத் திருப்பிச் செலுத்தியபின் 2 லட்சம் ரூபாய் வரை, 5 விழுக்காடு வட்டியில் கடன் பெற இயலும். தமக்குத் தெரிந்த கைவினைஞர் எவருக்கேனும் இச்செய்தி எட்டாதிருந்தால் வாசகர்கள் தெரிவிக்கலாம். ஆயினும் கடன் கருவி வாங்கித் தரும். பொம்மையை வாங்க ஆள் வந்தாக வேண்டும்.

வீடுகளின் நிலையும் அதுவே. பச்சைச் சன்னலும் செங்காவித் தரையும் கொண்ட கொல்கத்தா வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகி வருகின்றன. எழுத்தாளர் அமித் சௌதுரி 2015இல் இவற்றைக் காக்கக் குரலெழுப்பினார். பெரும் மாளிகைகளுக்குப் பாதுகாப்புப் பட்டியல் உண்டு. ஆனால் நடுத்தரக் குடும்பத்தின் சாதாரண வீடு எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. பங்காளிகள் பலராய் விட்டபின், பழுது பார்க்கப் பணமும் இல்லாதபோது, வீட்டைக் கட்டுமான நிறுவனத்தாரிடம் ஒப்படைப்பவரை நாம் குறைகூற இயலாது. ஒப்படைக்கும் முன் ஒரு நாள், அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். அறையின் நீளம், அகலம், உயரம், சன்னற்கதவின் சட்ட எண்ணிக்கை, தரைக்கரையின் அகலம், மாடிப்படியின் திருப்பம், சுவரின் உண்மை நிறம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, ஒளிப்படமும் எடுத்து வையுங்கள். எந்தப் பத்திரத்திலும் இல்லாத விவரங்கள் இவை. பன்னிரண்டில் ஒன்றாக அவ்வீட்டை மீண்டும் எழுப்ப இக்குறிப்பேடு போதும். வெளிச்சுவருக்கு இத்தாலிய மஞ்சளைப் பூசுவது பேரப்பிள்ளைகளின் விருப்பம்.

முடித்த வீட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கொல்கத்தாவின் மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்து வளையும், பசை விடும், கரையானும் வரும். உள்ளும் புறமும் வண்ணமில்லா வார்னிஷ் ஒரு பூச்சு, அறைக்கொரு சிலிக்கா பொட்டலம், அடித்தளத்தில் நான்கு சிறு கால்கள் ஆகியவை கட்டாயம் வேண்டும். மண்பொம்மைகளை ஈரத்துணியால் துடைக்கலாகாது. பல சுடாதவை, வண்ணத்தோடு மூக்கும் கையோடு வந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.