அணை நீரின் ஆழத்தில் மீன் எங்கே நிற்கும்?

அணைக்கட்டுகளின் நீர்த்தேக்கத்தை ஒட்டி வாழும் சிறு விவசாயிகளில் பலருக்குத் தொழில் இரண்டு. மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியே இதற்குச் சான்று. கோடையில் நீர் வடிந்ததும் வெளியே தெரியும் வண்டல் நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் பயிராகின்றன. நீர் ஏறியதும் அதே நிலத்தின் மேல் பரிசல் ஓடுகிறது. வயல் கைகொடுக்காத மாதங்களில் வலை கைகொடுக்க வேண்டும். வலையும் வெறுமையாகத் திரும்பினால் நைலான் வலை வாங்கிய கடன்தான் மிஞ்சும்.

வலை வெறுமையாக வருவதற்கு மீன் இல்லாமை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மீன் நிற்கும் ஆழம் ஒன்று, வலை நிற்கும் ஆழம் வேறொன்று என்பதே பல சமயம் உண்மையான காரணமாக இருக்கிறது. ஆழம் கூடக்கூட மீனும் கூடும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆறு, குளங்களில் ஓரளவு பொருந்தும் இந்த எண்ணம் பெரிய அணைகளில் ஏமாற்றிவிடும்.

நீருக்குள் அடுக்குகள்

அமெரிக்க நீர்த்தேக்கங்களில் பாஸ் என்னும் கொன்றுண்ணி மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள் முதலில் பார்ப்பது இரையை அல்ல, நீரின் அடுக்கை. அங்கே கோடையில் மேல்நீர் சூடேறி லேசாகிறது. அடிநீர் குளிர்ந்து கனமாகவே கிடக்கிறது. இரண்டும் கலப்பதில்லை. நடுவே சில அடி இறங்குவதற்குள் வெப்பம் சட்டென்று குறையும் ஓர் அடுக்கு அமைந்துவிடும். அதற்குக் கீழே காற்றுச் சத்தாகிய பிராணவாயு நாளடைவில் தீர்ந்துபோகும். பாஸ் மீனும் அது தின்னும் சிறு மீன்களும் அந்த அடுக்கின் அருகிலும் அதற்கு மேலும்தான் நிற்கும். அதற்கும் கீழே தூண்டில் விடுவது வீண் வேலை என்பது அங்குள்ளவர்கள் அனுபவத்தில் கண்டது.

தமிழ்நாட்டு அணைகளில் இவ்வளவு கெட்டியான அடுக்கு அமைவதில்லை. இங்கே ஆண்டு முழுதும் வெப்பம். காற்றும் நீரைக் கலக்கிவிடுகிறது. பாசனத்துக்கு மதகு வழியாக நீர் ஓயாமல் வெளியேறுகிறது. ஆனால் பிராணவாயு விஷயம் வேறு. வளமான அணைகளில் மேல்நீரில் நுண்பாசி செழித்து வளர்கிறது. அது மடிந்து அடியில் இறங்கி மக்கும்போது அங்குள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மீன்வளத் துறையில் நீர்நிலை ஆய்வு செய்த சீனிவாசன் 1960-களில் பவானிசாகர், அமராவதி, மேட்டூர் முதலிய அணைகளை ஆராய்ந்தார். வளமான அணைகளில் மேலிருந்து கீழே போகப் போகப் பிராணவாயு குறைவதை அந்த ஆய்வுகள் காட்டின. அணை வளமாக இருப்பதன் அடையாளமே, காற்றில்லாத கோடை நாட்களில் அதன் அடிமட்டத்தில் மீன் நிற்காததற்குக் காரணமாகிவிடுகிறது.

மாதத்துக்கு மாதம் மாறும் ஆழம்

மாசி முதல் வைகாசி வரை: நீர்மட்டம் இறங்கும் காலம். மேட்டூர் அணையில் வழக்கமாக ஜனவரி 28-ல் டெல்டா பாசனத்துக்கான நீர் நிறுத்தப்பட்டு, ஜூன் 12-ல் மீண்டும் திறக்கப்படுகிறது. கோடையில் மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில் பண்ணவாடி அருகே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நீர்ப்பரப்பு சுருங்குவதால் மீன்கள் பழைய ஆற்றுத் தடத்தில் ஒதுங்கும். எனினும் காற்று ஓய்ந்து வெயில் காயும் நாட்களில் அவை அந்தத் தடத்தின் அடியில் படுப்பதில்லை. நடுநீரிலும் அதற்கு மேலும் நிற்கும். விடியற்காலையில் கரையோரத்துக்கு ஏறி வரும்.

ஆனி முதல் ஆவணி வரை: தென்மேற்குப் பருவமழையால் காவிரியிலும் பவானியிலும் புதுநீர் வரும். காற்றும் வெள்ளமும் சேர்ந்து நீரை அடிவரை கலக்கிவிடும். கலங்கிய நீரில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியாது. சினை மீன்கள் புதுநீர் வரும் முகத்தை நோக்கி எதிரேறும். இந்தக் காலத்தில் ஆற்று முகத்தை வலையால் அடைப்பது, விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை: அணை நிறைந்து நீர் விரிந்து கிடக்கும். நிறைமட்டமான 120 அடியில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பரப்பில் மீன் சிதறிவிடுவதால் ஒரு வலைக்கு விழும் மீன் குறைவதில் வியப்பில்லை. புதிதாக நீரில் மூழ்கிய புல்லும் பயிர்த்தாளும் மக்கி இரை உண்டாவதால், ஆழத்தைவிட ஆழமற்ற ஓடைமுகங்களும் விளிம்புகளும் பலன் தரும்.

மார்கழி, தை: இரவுக் குளிரில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும், அடிநீர் மேலே வரும். அடிவரை பிராணவாயு எட்டும் காலம் இது. அடிவலைக்கு ஏற்ற பருவம் இதுவே. நீர் தெளிந்திருப்பதால் நிலவில்லாத இரவுகளில் வலையிடுவது நல்லது.

எந்த மீன் எந்த மட்டத்தில்?

கோதாவரியிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காவிரியில் விடப்பட்டு மேட்டூரில் நிலைத்துவிட்ட கட்லா, மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது. அதன் வாய் மேல்நோக்கி இருப்பதே இதற்கு அடையாளம். பகலில் வெளிச்சத்துக்கு அஞ்சி அந்த நுண்ணுயிர்கள் கீழே இறங்கி, இரவில் மேலே வரும். ஆகவே பகலில் சற்று ஆழத்திலும் இரவில் மேல்மட்டத்திலும் கட்லாவைத் தேடலாம். ரோகு நடுநீர் மீன். மிருகால் அடிமண்ணில் மேயும். வாளையும் கெளுத்திகளும் பகலில் அடியில், பாறை இடுக்கு, பழைய மரக்கட்டை, மூழ்கிய கிணறு இவற்றின் ஓரம் பதுங்கி, இரவில் இரை தேடிக் கிளம்பும். இவற்றுக்கு வலையைவிட, நீண்ட கயிற்றில் வரிசையாக முள் கட்டி இரை கோத்து இடும் தூண்டில் ஏற்றது. ஜிலேபி கெண்டை பெரும்பாலும் கரையோரத்து மீன். அதற்காக ஆழத்தில் வலையிட வேண்டியதில்லை.

ஆழத்தை அறிய எளிய சோதனை

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு நூல் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கல் கட்டி இறக்கினால் ஆழம் தெரியும். ஒரு பாகம் என்பது 6 அடி.

அடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கல்லோடு சேர்த்துக் கட்டித் தக்கையால் அடைக்க வேண்டும். தக்கையில் தனி நூல் ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும். வேண்டிய ஆழத்துக்குப் பாட்டிலை இறக்கி, நூலை வெடுக்கென்று இழுத்தால் தக்கை கழன்று அந்த ஆழத்து நீர் பாட்டிலில் நிறையும். உடனே தூக்கி முகர்ந்து பார்க்கலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த மட்டத்தில் பிராணவாயு இல்லை, மீனும் இராது. நாற்றம் இல்லை என்பதாலேயே பிராணவாயு போதுமென்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதை வலையே சொல்லும்.

எட்டுப் பாகம் ஆழமுள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாகம் உயரமுள்ள மூன்று வலைத் துண்டுகள், ஒரே நீளமும் ஒரே கண் அளவும் உள்ளவையாக வேண்டும். ஒன்று நீர்மட்டத்தில் நிற்கட்டும். இரண்டாவதன் மேல்கயிறு 3 பாகம் ஆழத்தில் இருக்கட்டும். மூன்றாவது அடியைத் தொட்டு நிற்கட்டும். மூன்று இரவுகள் இப்படி இட்டு, எந்த வலையில் எத்தனை மீன், என்ன மீன் என்று பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால் போதும். அடிவலையில் மீனே இல்லாமல் கரிய சேறு மட்டும் நாற்றத்தோடு ஒட்டி வந்தால், அந்த வலையை ஏற்றிக் கட்டும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

நடுநீரில் வலை நிறுத்தும் முறை

செவுள் வலையை நடுநீரில் நிறுத்துவது கடினமான வித்தை அல்ல. மேல்கயிற்றில் உள்ள சிறு மிதவைகளைவிட அடிக்கயிற்றின் ஈயக்குண்டுகள் சற்றே கனமாக இருக்க வேண்டும். அப்போது வலை தானாக மெல்ல இறங்கும். மேல்கயிற்றிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கு கயிறுகள் கட்டி, அவற்றின் மேல்முனையில் பெரிய மிதவைகளைக் கட்ட வேண்டும். தொங்கு கயிறு 3 பாகம் என்றால் வலையும் 3 பாகம் ஆழத்தில் நிற்கும். காலத்துக்குத் தக்கபடி கயிற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

வலையின் இரு முனைகளிலும் நங்கூரக் கல் வேண்டும். அதன் கயிறு ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம் இருத்தல் நலம். வெள்ளக் காலத்தில் மேட்டூர் போன்ற அணையில் ஒரே நாளில் நீர்மட்டம் பல அடி ஏறிவிடும். கயிறு குட்டையானால் மிதவை மூழ்கி, வலை இருக்குமிடமே தெரியாமல் போகும்.

வலைத்துணியை இறுக்கிக் கட்டக் கூடாது. 100 அடி நீளத்துக்கு இழுத்த வலையை 50 அடிக் கயிற்றில் கட்டினால் கண்கள் நன்கு விரிந்து நிற்கும். இதைவிடத் தளர்வாகக் கட்டினால் ரங்கூன் வலையைப்போல மீனைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும்; பெரிய மீனும் தப்பாது, ஆனால் மீனைப் பிரித்தெடுக்க நேரம் பிடிக்கும். வலையைக் கரைக்கு இணையாக இடுவதைவிட, கரையிலிருந்து ஆழத்தை நோக்கிக் குறுக்காக இட்டால் மேலும் கீழும் நடமாடும் மீன்கள் எதிர்ப்படும்.

மாலையில் இட்ட வலையைப் பொழுது விடியும்போதே எடுத்துவிட வேண்டும். வலையில் செத்த மீன் வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். கோடையில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்ற கணக்கில் வைத்தால்தான் சந்தையில் விலை நிற்கும்.

வலைக்கண்ணில் அடுத்த ஆண்டு

நீர் சுருங்கும் கோடையில் சிறுகண் வலையால் வாரி எடுப்பது எளிது. அதில் அகப்படுபவை பெரும்பாலும் அந்த ஆண்டு விட்ட குஞ்சுகள். கால் கிலோ கட்லாவுக்குக் கிடைக்கும் காசு சொற்பம். அதே மீனை மேலும் ஓராண்டு விட்டுவைத்தால் கிலோக் கணக்கில் எடை கூடும்.

பொள்ளாச்சி அருகேயுள்ள ஆழியாறு அணை இதற்கு நல்ல உதாரணம். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டுதலில் 1980-களில் அங்கே நன்கு வளர்ந்த பெரிய குஞ்சுகளாகப் பார்த்து விட்டார்கள். இளமீன் அகப்படாதபடி வலைக்கண்ணுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 கிலோவுக்கும் குறைவாக இருந்த விளைச்சல் 190 கிலோவைத் தாண்டியது. ஆழியாறு சிறிய அணை. மேட்டூரில் அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் முறை ஒன்றுதான்.

வலையின் கண்ணை இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு அளந்தால் 4 அங்குலத்துக்குக் குறையாத வலையே பெருங்கெண்டைகளுக்கு ஏற்றது. வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம். ஒரு வெடியில் மிதக்கும் மீனைவிட, கண்ணுக்குத் தெரியாமல் அடியில் மூழ்கி அழியும் குஞ்சுகள் அதிகம்.

நீர் வடிந்த நிலத்தில் பயிர் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே தெளிக்கும் பூச்சிமருந்து, நீர் ஏறியதும் அணைக்குள்தான் கலக்கிறது. அறுவடைக்குப் பின் மருந்துப் புட்டிகளை வயலிலேயே விட்டுவருவது தன் வலையில் தானே நஞ்சு வைப்பதாகும்.

உயிருக்குப் பின்னரே மீன்

ஆடிக் காற்றில் விரிந்த நீர்ப்பரப்பில் பரிசல் சுழன்றுவிடும். தனியாகப் போவதைத் தவிர்த்து இருவராகப் போவதும், மிதவைச் சட்டை அணிவதும், மதகுக்கும் மின்நிலைய வாய்க்கும் அருகே போகாதிருப்பதும் கட்டாயம். காலில் வலை சிக்கினால் அறுக்கப் பரிசலில் ஒரு கத்தி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அணைக்கு அணை மீன்பிடி விதி வேறுபடும். சிலவற்றில் மீன்வளத் துறை உரிமம் தருகிறது. சிலவற்றை 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகம் கவனிக்கிறது. எந்த வலைக்கு அனுமதி, உரிமத் தொகை எவ்வளவு என்பதை வலை வாங்கும் முன்பே அந்தந்த அணையின் மீன்வள அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மூன்று இரவுச் சோதனைக்கு இருக்கிற பழைய வலையே போதும். புது வலைக்குக் கடன் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.