உழைப்பும் ஓய்வும் உண்டியலும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

முன்னுரை

"விரலுக்குத் தக்க வீக்கம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. வீக்கமே கூடாதென்று அது சொல்லவில்லை. தக்க அளவில் இருக்கட்டும் என்றே சொல்கிறது. விடுமுறைக்கும் சுற்றுலாவுக்கும் செய்யும் செலவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இப்பழமொழி என் நினைவுக்கு வரும். நம்மில் சிலர் கடன் வாங்கியாவது ஊர் சுற்றுகின்றனர். வேறு சிலர், வாழ்நாள் முழுவதும் ஒரு நாள்கூட வெளியூர் சென்று மகிழாமல் காசைச் சேர்க்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே நடுவழி ஒன்று உண்டா? உண்டெனில் அதன் அளவு என்ன? கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையிலும், கொத்தனார் ஒருவரின் மகன் என்ற முறையிலும் இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வு ஓர் ஆடம்பரமா?

உழைப்பவனுக்கு ஓய்வு தேவை என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்சு நாட்டில் 1936-ஆம் ஆண்டில்தான் தொழிலாளர் அனைவர்க்கும் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டம் வழங்கியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதே ஆண்டில், ஓராண்டு பணி முடித்தவர்க்குக் குறைந்தது ஆறு வேலை நாள்கள் ஊதிய விடுமுறை வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவர்க்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு உண்டு என விதித்தது. மைய அரசு ஊழியர்க்கு நான்காண்டுத் தொகுதிக் கணக்கில் விடுப்புப் பயணச் சலுகையும் உண்டு.

இவையெல்லாம் மாதச் சம்பளக்காரர்க்கு. நாள்கூலிக்குச் செல்வோரின் நிலை என்ன? என் தந்தை ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று 900 ரூபாய் கூலி இல்லை. ஆகவே அவர் இரண்டு நாள் சுற்றுலா சென்றால், சென்ற இடத்தில் செய்யும் செலவு ஒன்று. ஊரில் இழக்கும் கூலி மற்றொன்று. மாதச் சம்பளக்காரரின் விடுமுறைக்கு ஒரே விலை. நாள்கூலிக்காரரின் விடுமுறைக்கு இரண்டு விலை. செலவைப் பற்றிப் பேசும் அறிவுரைகள் பலவும் இந்த இரண்டாவது விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் கல்லூரியில் பயில்வோரில் மிகப் பலர் இத்தகைய குடும்பங்களிலிருந்து வருபவர்கள். ஆகவே இதையே முதலில் சொல்ல விரும்பினேன்.

மூன்று கேள்விகள்

சுற்றுலாவுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அவற்றை வரிசை மாற்றாமல் கேட்பது நல்லது.

முதலாவது, வட்டி ஏறும் கடன் உண்டா? நூற்றுக்கு மூன்று வட்டி என்று நம் ஊர்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது மாத வட்டி. ஆண்டுக்கு 36 விழுக்காடு. அப்படியொரு கடன் இருக்கும்போது சேமிப்பும் பொருளற்றது, சுற்றுலாவும் பொருளற்றது. கடனை அடைப்பதே அப்போது மிகச் சிறந்த சேமிப்பு. கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, எதிர்பாராத நாளுக்குக் கையிருப்பு உண்டா? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்தால் கட்டட வேலை நின்றுவிடும். குறைந்தது ஒரு மாதக் குடும்பச் செலவாவது தனியே இருந்தாலன்றி அக்குடும்பம் மீண்டும் வட்டிக் கடையின் வாசலில்தான் நிற்கும்.

மூன்றாவது, நாள் குறிக்கப்பட்ட செலவு ஏதேனும் உண்டா? கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கூரை, திருமணம் போன்றவை தாமே வந்து நிற்கும். நம் வசதிக்காகக் காத்திரா. எங்கள் இல்லத்தில் என் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய மேற்படிப்பே எங்களுக்கு நாள் குறிக்கப்பட்ட செலவு.

எங்கள் இல்லத்துக் கணக்கு

எடுத்துக்காட்டாக எங்கள் இல்லத்துக் கணக்கையே தருகிறேன். தந்தைக்கு ஆண்டில் 230 நாள் வேலை கிடைத்தால் 2,07,000 ரூபாய். அம்மா வீட்டிலிருந்தே துணி தைத்து ஈட்டுவது 33,000 ரூபாய். ஆக ஆண்டு வருமானம் 2,40,000. மாதச் சராசரி 20,000. குடும்பச் செலவு 16,500 போக மிஞ்சுவது 3,500. நகைக் கடன் சென்ற ஆண்டுக்கு முன்பே அடைந்துவிட்டது. எனவே இந்த 3,500-ஐ மூன்றாகப் பகுத்தோம். மழைக்காலக் கையிருப்புக்கு 1,200, தங்கையின் படிப்புக்கு 1,700, சுற்றுலாவுக்கு 600.

இந்த 600 எப்படி வந்தது? ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு மூன்று என்று வைத்தால் 7,200, மாதத்துக்கு 600. மொத்தச் சேமிப்பான 42,000-த்தில் இது ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். மூன்று என்பது வேதவாக்கு அன்று. கடன் உள்ள வீட்டில் அது சுழியமாக இருக்கலாம். இருவர் சம்பாதிக்கும் அரசு ஊழியர் வீட்டில் ஐந்து, ஆறு என்றும் இருக்கலாம். ஆனால் செலவு செய்யும் அன்று அளவைத் தேடாமல், ஓராண்டுக்கு முன்பே அளவை முடிவு செய்துவிட வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

7,200 என்பதில் வழிச்செலவு 1,800, தங்குவதற்கு 1,200, உணவுக்கு 1,500, இதர செலவு 700, ஆக 5,200. இருவரும் இரண்டு நாள் இழக்கும் கூலி 2,000. நான் முன்னர்ச் சொன்ன இரண்டு விலைகளும் இதில் அடக்கம்.

ரூபாயை நாளாக மாற்றிப் பார்த்தல்

ரூபாய்க் கணக்கு சிலநேரம் நம்மை மயக்கும். அதை உழைப்பு நாளாக மாற்றிப் பார்த்தால் உண்மை தெளிவாகும். 7,200-ஐ 900-ஆல் வகுத்தால் எட்டு. அதாவது வெயிலில் சாரத்தின் மேல் நின்று என் தந்தை செய்யும் எட்டு நாள் வேலை. இரண்டு நாள் மகிழ்ச்சிக்கு எட்டு நாள் உழைப்பு தகுமா? இதைத் தீர்மானிக்கும் உரிமை என்னுடையதன்று, உழைக்கும் அவருடையது. ஆகவே தாளில் எழுதி அவரிடமே காட்டினேன்.

அம்மா, "அந்தக் காசுக்கு நகைச் சீட்டுல சேர்ந்தா பாப்பாவுக்கு ஆகும்" என்றார். தந்தையோ சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "எட்டு நாள் வேலைதானே தம்பி. எங்க அம்மா கடலையே பார்க்காம போயிட்டாங்க. நாமளாவது நாலு பேரும் ஒண்ணாப் போயிட்டு வருவோம்" என்றார். என் பாட்டி எழுபது ஆண்டு வாழ்ந்தார். குலதெய்வக் கோயிலையும் உறவினர் வீட்டு நன்மை தீமைகளையும் தவிர அவர் வேறெங்கும் சென்றதில்லை. சேமித்தாரா என்றால் சேமித்தார். தமக்கென்று அதிலிருந்து ஒரு காசும் எடுத்ததில்லை. அம்மாவும் பின்னர் மறுத்துப் பேசவில்லை.

முன்னே சேர்த்தலும் பின்னே அடைத்தலும்

ஒரே சுற்றுலாவை இருவழியில் செல்லலாம். ஒன்று, மாதம் 600 வீதம் ஓராண்டு சேர்த்துவிட்டுச் செல்வது. மற்றொன்று, 7,200 கடன் வாங்கிச் சென்றுவிட்டு மாதம் 600 வீதம் அசலை அடைப்பது. இரண்டிலும் மாதம் 600-தானே என்று தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

மூன்று வட்டிக்கு வாங்கினால் முதல் மாத வட்டி 216. அசல் குறையக் குறைய வட்டியும் 18 ரூபாய் வீதம் குறையும். பன்னிரண்டு மாத வட்டியையும் கூட்டினால் 1,404 ரூபாய். ஆக அச்சுற்றுலாவின் விலை 8,604. மாறாக, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் சேர்த்து வந்தால் ஏறத்தாழ 150 ரூபாய் வட்டி நமக்கே வரும். அப்போது நம் கையிலிருந்து போவது 7,050 அளவில்தான். இரண்டுக்கும் வேறுபாடு 1,550 ரூபாய்க்கு மேல்; ஏறக்குறைய ஒன்றே முக்கால் நாள் கூலி. காத்திருக்க மறுப்பதற்கு நாம் தரும் தண்டம் இது. கைப்பேசியில் இப்போது பெருகியுள்ள 'இன்று பயணம், பின்பு தவணை' என்னும் விளம்பரங்களையும் இக்கணக்கைக் கொண்டே எடைபோட வேண்டும்.

முன்னே சேர்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தீபாவளிச் சீட்டு என்பது என்ன? வாரந்தோறும் சிறு தொகை கட்டி, ஆண்டு முடிவில் இனிப்பும் பட்டாசும் மளிகையும் பெறுவதன்றோ! அதே முறையைப் பயணத்துக்கும் கொள்ளலாம். ஆனால் பணம் அஞ்சலகத்தில் இருப்பது பாதுகாப்பு. நாள்கூலி ஒரே சீராக வராது. எனவே நாங்கள் வேலை மிகுந்த மாசி முதல் வைகாசி வரை மாதம் 800, மழை மாதங்கள் இரண்டிலும் 200, மற்ற ஆறு மாதங்களில் 600 எனக் கட்டினோம். கூட்டிப் பார்த்தால் அதே 7,200.

நீண்ட நாள் குறிக்கோளுக்கு அஞ்சலகத் தொடர்வைப்பு ஏற்றது. 2024-ஆம் ஆண்டில் அதன் வட்டி 6.7 விழுக்காடு. மாதம் 500 வீதம் ஐந்தாண்டு கட்டினால் கட்டிய தொகை 30,000. முதிர்வில் கிடைப்பது 35,600-க்கு மேல். 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற்ற நண்பர்கள் பாதியை இவ்வாறு வைத்திருந்தால் அதன் பயனை அவர்களே அறிவர்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

செலவைக் குறைக்க உணவைக் குறைப்பதைவிட நாளை மாற்றுவது மேல். கட்டட வேலை பொங்கலை ஒட்டி ஒரு வாரம் நின்றுவிடும். பொங்கல் துணிகளைத் தைத்துக் கொடுத்தபின் அம்மாவுக்கும் வேலை ஓய்ந்திருக்கும். அந்நாளில் சென்றால் இழக்கும் கூலி இல்லை. இரண்டு விலையில் ஒரு விலை தானே கழிந்துவிடுகிறது!

அவ்வாறே 2026 பொங்கலுக்குப் பின் இரண்டு நாள் திருச்சி வழியாக இரயிலில் இராமேசுவரம் சென்று வந்தோம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்துக்கு அருகே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து சென்றது. கப்பலுக்கு வழிவிட அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலெழும். இருபுறமும் கடல். தந்தை பாலத்தின் தூண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் எப்படி அடித்தளம் போட்டிருப்பார்கள் என்பதே அவர் கேள்வி. பேய்க்கரும்பில் உள்ள டாக்டர் அப்துல் கலாம் நினைவகத்தையும் கண்டோம். அவருடைய பொறியியற் படிப்புக்காக அவர் தமக்கையார் தம் நகையை அடகு வைத்தார் என்பது நாடறிந்த செய்தி. என் தங்கை அதைக் கேட்டபின் நெடுநேரம் பேசவில்லை.

செலவு 4,870 ஆயிற்று. எஞ்சிய 330-உம், இழக்காத கூலிக்கென வைத்திருந்த 2,000-உம் சேர்த்து 2,330 ரூபாயைத் தங்கையின் படிப்புக் கணக்கில் கட்டினோம்.

நம் துறைச் சுற்றுலாக்கள்

இக்கருத்து நம் கல்லூரிக்கும் பொருந்தும். சுற்றுலா அறிவித்த பதினைந்து நாளில் 1,500 ரூபாய் தரவேண்டும் என்றால், சிலர் கடன் வாங்குகின்றனர். சிலர் அன்று காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடுகின்றனர். அக்காய்ச்சல் எத்தகையது என்பதை நாமெல்லாம் அறிவோம். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இடத்தையும் தொகையையும் அறிவித்து, மாதம் 150 வீதம் பத்து மாதம் பெற்றால் எவரும் நிற்க நேராது. கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்க்கு இரயில் கட்டணச் சலுகையும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கவும் போதிய காலம் கிடைக்கும். பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்திற் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

முடிவுரை

வரவு சிறிதாயினும் செலவு அதனினும் விரியாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்தார். அதைக் கஞ்சத்தனத்தோடு சேர்க்காமல், தன் வலிமையைத் தான் அறிவதோடு சேர்த்தது எண்ணத்தக்கது. கடன் உள்ள ஆண்டில் வீட்டிலிருப்பதும் வலியறிதலே. கடன் தீர்ந்த ஆண்டில் பெற்றோரை அழைத்துச் செல்வதும் வலியறிதலே. ஓராண்டு ஒத்திவைக்கலாம், ஈராண்டு ஒத்திவைக்கலாம். வாழ்நாள் முழுவதும் ஒத்திவைத்தால் அது சேமிப்பாகாது. எனவே நண்பர்களே, தேர்வு முடிந்து ஊர் செல்லும்போது உங்கள் பெற்றோருடன் அமர்ந்து ஒரு தாளில் இக்கணக்கை எழுதிப் பாருங்கள். சுற்றுலாவுக்கென வரும் எண் மிகச் சிறியதாக இருக்கலாம். அது சுழியம் அன்று என்றால், அதற்கென்று அஞ்சலகத்தில் ஒரு கணக்கை இன்றே தொடங்குங்கள்.