பாக்கெட்டின் ஆயுள்

"ஐ.பி. முகவரியைத் தப்பாகப் போட்டுவிட்டால் அந்தத் தகவல் இணையத்திலேயே சுற்றிக்கொண்டிருக்குமா?" என்று பாலிடெக்னிக் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். முகவரியின் நான்கு எண்கள், சப்நெட் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தப்பான முகவரி பெரிய ஆபத்தில்லை. தகவலைச் சுமக்கும் பாக்கெட் வேறு யார் கணினிக்காவது போகும். அல்லது வழி தெரியாத ரவுட்டர் ஒன்று அதைக் கைவிடும். சிக்கல், ரவுட்டர்களின் வழிப்பட்டியல் பிசகும்போதுதான். இது அதனிடம் தள்ளும், அது இதனிடமே திருப்பும். சரியான முகவரி கொண்ட பாக்கெட்டும் அங்கேயே சுழலும்.

இதற்காகவே ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் ஆயுள் எழுதப்படுகிறது. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 791-இல் இதன் பெயர் டி.டி.எல். எட்டு பிட் இடம், அதிகபட்சம் 255. அன்று அது நொடிக்கணக்கு. ஆனால் கூடவே ஒரு விதி: எத்தனை விரைவாகக் கைமாற்றினாலும் ஒவ்வொரு ரவுட்டரும் குறைந்தது ஒன்றைக் கழிக்க வேண்டும். ரவுட்டர்கள் வேகமாக வேகமாக, நொடி மறைந்து, கடந்த வாசல்களின் எண்ணிக்கையே ஆயுளாகிவிட்டது. லினக்ஸ் வழக்கமாக 64 தருகிறது, விண்டோஸ் 128. ஐ.பி. ஆறாம் பதிப்பு, பெயரையே தாவல் வரம்பு என்று மாற்றிக்கொண்டது.

எண் பூஜ்யமானதும் ரவுட்டர் பாக்கெட்டை அழித்துவிட்டு, அனுப்பியவருக்குக் கேதம் சொல்லி அனுப்பும். அந்தச் செய்தியைச் சுமப்பது ஐ.சி.எம்.பி. 1980களின் இறுதியில் வான் ஜேக்கப்சன் இதை வைத்தே, பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் நிரலை எழுதினார். ஆயுள் 1 கொடுத்தால் முதல் ரவுட்டர் பதில் சொல்லும்; 2 கொடுத்தால் இரண்டாவது. சாவுச் செய்திகளாலேயே வழி தெரிந்துவிடுகிறது! விடுதியிலிருந்து அத்தைக்கு நான் எழுதிய கடிதம் ஒன்று, பின்கோட்டை நான் தப்பாக எழுதியதால், மூன்று ஊர் முத்திரையோடு என்னிடமே திரும்பி வந்தது. எங்கெங்கே போயிற்று என்று உறையே சொன்னது. பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன்.

பாதுகாப்பு என்று நினைத்து ஐ.சி.எம்.பி.யை அடியோடு அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். "பாக்கெட் பெரிது, சிறிதாக்கி அனுப்பு" என்ற செய்தியும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அது வராவிட்டால் இணைப்பு கிடைக்கும், பக்கம் மட்டும் பாதியில் தொங்கும். ஓர் அலுவலகத்தில் இதற்காக இரண்டு நாள் கேபிள் மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பொய்க் கோரிக்கைகளை வடிகட்டுங்கள். கேதம் சொல்ல வருபவரை வாசலிலேயே விரட்டாதீர்கள்.

தங்கையே, விண்டோஸ் கட்டளைத் திரையில், டிரேஸ்ரூட்டின் விண்டோஸ் வடிவமான டிரேசர்ட் (tracert) என்ற கட்டளையோடு ஏதாவது ஒரு தளத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். முதல் வரியில் பதில் சொல்வது பெரும்பாலும் உங்கள் வீட்டு ரவுட்டராக இருக்கும்.